தெற்கு பார்த்த வாசல்

கடப்பாரையைக் கீழ வைக்கச் சொல்லுங்க சார் மொதல்ல. உங்க டிரைவர்தானே அவரு? சொல்லுங்க. அப்புறம் பேசலாம். நான் எங்கயும் ஓடிப் போயிடல. காலையில இருந்து இந்தக் கல்லுல முதுகைச் சாச்சு இங்கயேதான் உட்காந்திருக்கேன். என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் கல்லைத் தொடணும், ஆமா.

வாட்ச்மேன் என்ன சொன்னான் உங்ககிட்ட? ஒரு பொம்பளை தெனம் வந்து கல்லுகிட்ட உட்காந்து திட்டிட்டுப் போகுது, மரை கழண்ட கேஸுன்னு சொல்லியிருப்பான். திட்டுறேன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா கல்லைத் திட்டல சார். கல்லைத் திட்டுறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? உள்ள இருக்கற ஆளைத் திட்டுறேன்.

முழிக்காதீங்க. அந்த நிழல்ல உட்காருங்க. என் பேரு நரசம்மா. இந்தக் கல்லறையைக் கட்டினது எங்க ஊட்டுக்காரன், திம்மராயன். உசுரோட இருந்தவரைக்கும் நான் பேரு சொன்னதில்ல. இப்ப சொல்றேன். கேட்டா கேக்கட்டும்.

உங்களுக்கு என்ன வேணும்? தெறப்பு விழா வருது, பள்ளிக்கூடத்துப் பசங்க வருவாங்க, இந்த ஓட்டை வழியா உள்ள எட்டிப் பாக்கணும். ஓட்டையை யாரோ பலகைக் கல்லை வச்சு, சிமெண்டு பூசி அடைச்சுட்டாங்க. யாரோ இல்ல, நான்தான். எதுக்குன்னு கேட்டீங்க இல்ல, கேட்டுட்டுப் போங்க. கேட்டப்புறமும் கடப்பாரையை எடுக்கற மனசு இருந்தா எடுங்க.

எருக்கமலை மேல குள்ளன் வீடுன்னு சொல்வோம், பாத்திருக்கீங்களா? பெரிய பெரிய பலகைக் கல்லா நாலு பக்கமும் நட்டு, மேல ஒரே கல்லைத் தூக்கி மூடியிருக்கும். ஒரு பக்கத்துக் கல்லுல மட்டும் வட்டமா ஓட்டை, ஒரு ஆளு தவழ்ந்து போற அளவுக்கு. ஆடு மேய்க்கறவங்க மழைக்கு அதுலதான் ஒதுங்குவாங்க. குள்ளன் கட்டினான், குள்ளன் குடியிருந்தான்னு நாங்க சொல்லிட்டிருந்தோம். பழங்காலத்தை ஆராய்ச்சி பண்ற உங்க வைதேகி மேடம் வந்து அங்க தோண்டினாங்க. குள்ளனும் இல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டாயிரம் மூவாயிரம் வருசத்துக்கு முந்தி செத்தவங்களை வச்ச எடம்னாங்க. தோண்டி எடுத்த பானை எல்லாம் அதோ அந்தக் கட்டடத்துக்குள்ள கண்ணாடிப் பெட்டியில இருக்கு. மலை ஏற முடியாதவங்க பாக்கறதுக்காக, அதே மாதிரி ஒண்ணு இந்தப் பூங்காவுல கட்டணும்னு முடிவு பண்ணாங்க. கிரேன் கூடாது. சிமெண்டு கூடாது. அந்தக் காலத்து ஆளுங்க எப்படிக் கட்டினாங்களோ அப்படியே.

கல்லு வேலைக்கு ஆளு வேணும்னதும் எவனோ இந்தாளைக் கை காட்டி விட்டுட்டான். காட்டினவன் நல்லா இருப்பானா?

எங்க நெலமையைக் கேளுங்க. எங்களுக்கு அரசாங்கம் குடுத்த மனை ஒண்ணு இருக்கு, ஏரிக்கரைக்கு அந்தாண்ட. அதுல இந்த மனுஷன் அஸ்திவாரம் போட்டான். எப்பப் போட்டான் தெரியுமா? என் பொண்ணு வயசுக்கு வர்றதுக்கு முந்தி. இப்ப அவ பொண்ணு பள்ளிக்கூடம் போகுது. அஸ்திவாரம் அப்படியே கெடக்குது, நடுவுல வேலிக்காத்தான் முளைச்சு ஆள் ஒசரத்துக்கு நிக்குது. ஊரு முழுக்கக் காம்பவுண்டு சுவரு கட்டினான். அடுத்தவன் வீட்டுக்குப் படிக்கட்டு வச்சான், மாட்டுக்குத் தொட்டி செதுக்கினான். எனக்குக் கூரைன்னு ஒரு நீலப் படுதா. மழை பேஞ்சா அதுல தண்ணி தேங்கும், நான் தொடப்பக் கட்டையால தள்ளி விடுவேன். கேட்டா, "இரு நரசு, இந்த வேலை முடியட்டும்"பான். எந்த வேலைய்யா முடிஞ்சிருக்கு உனக்கு?

ஒரே ஒரு கல்லு மட்டும் எனக்குன்னு எடுத்து வச்சிருந்தான். நல்ல பலகைக் கல்லு, வெடிப்பு கெடையாது, தட்டினா மணி மாதிரி கேக்கும். நம்ம வாசப்படிக்குன்னு சொல்லி, படுதாவுக்குப் பின்னாடி சாச்சு வச்சிருந்தான். நான் அதுமேல ஒரு நாளும் துணி தொவச்சதில்ல சார். அதை ஞாபகம் வச்சுக்கங்க, அதுக்கு வரேன்.

இங்க மொத நாளு குழி தோண்டுறாங்க. எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. பொணக்குழின்னு தோண்டிட்டா அதைச் சும்மா விட மாட்டோம். ஏதோ ஒரு சமயம் தோண்டினப்புறம் ஆளு பொழச்சுக்கும், இல்ல வேற ஊருக்குக் கொண்டு போயிடுவாங்க. அப்ப ஒரு கோழியையாவது அறுத்து உள்ள போட்டு மூடிடுவோம். வெறும் குழி ஆளைக் கேக்கும். வேலைக்கு வந்த அத்தனை பேரும் இதையேதான் கேட்டாங்க: இது யாருக்குக் குழி? இந்தாளு போய் மேடத்துகிட்ட, "ஒரு கோழி போட்டுடலாம்மா"ன்னான். அந்தம்மா சிரிச்சுட்டு, "இது மாதிரிக்குக் கட்டறது திம்மராயன், உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது, காலியாத்தான் இருக்கணும்"னு சொல்லிட்டாங்க. கோழிக்கு ஒத்துக்கல. சரி, விடுங்க.

கல்லை நட்டாங்க. நம்மாளு வீட்டுச் சுவரு கட்டிப் பழகின கையி, பெட்டி மாதிரி மூலைக்கு மூலை முட்டி நிறுத்திட்டான். சுத்தியும் மண்ணை அணைச்சாச்சு. ஒரு மழை பேஞ்சுது. மறுநாள் வந்து பாத்தா ஒரு கல்லு உள்பக்கமா சரிஞ்சு படுத்திருக்குது. மேடம் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினாங்க. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தாண்டி ஒரு முழம் நீட்டிட்டு நிக்கணுமாம், சுத்தி வர அப்படியே, ஒண்ணு தோளை ஒண்ணு தாங்கற மாதிரி. வெளிய இருந்து மண்ணு தள்ளத் தள்ள இன்னும் இறுக்கிப் புடிச்சுக்குமாம். அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் நட்டிருக்காங்க. அவ்ளோ காலத்துக்கு முந்தி செத்துப் போனவனுக்குத் தெரிஞ்சிருக்குது, இந்தாளுக்குத் தெரியல. நான் சிரிச்சேன். சிரிக்காம?

அன்னியில இருந்து புடிச்சது பாருங்க பைத்தியம். வீட்டுக்கு வந்து களி சாப்பிட உட்காந்தா, தட்டைத் தள்ளி வச்சுட்டு நாலு செங்கல்லை அப்படியும் இப்படியும் நிறுத்திப் பாக்கறது. "எப்படி யோசிச்சிருக்கான் பாரு நரசு, ஒரு ஆணி இல்ல, ஒரு கரண்டி சுண்ணாம்பு இல்ல"ம்பான். கண்ணு பளபளன்னு இருக்கும். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட அந்தக் கண்ணு அப்படி இல்ல சார். என் அஸ்திவாரத்து மேல அந்தச் செங்கல்லை வச்சிருந்தா ஒரு வரிசை ஏறியிருக்கும்.

மேல்கல்லு ஏத்தினதைப் பாத்திருக்கணும் நீங்க. நாலு கல்லுக்கும் நடுவுல மண்ணைப் போட்டு ரொப்பிட்டாங்க, இல்லன்னா கனம் தாங்காம உள்ள விழுந்துடும். வெளியேயும் மண்ணைக் கொட்டிச் சரிவா மேடு போட்டு, மரத்தடியை உருளை மாதிரி அடுக்கி, அதுமேல கல்லை வச்சு, கயித்தைக் கட்டி இழுக்கறது. நானும் இழுத்தேன். கையெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. கல்லு போய் உட்காந்தப்ப தொம்முன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அத்தனை பேரும் கத்தினோம். நானும் கத்தினேன். எதுக்குக் கத்தினேன்னு தெரியல. அப்புறம் வெளி மேட்டை வாரிட்டு, உள்ள ரொப்பின மண்ணை இந்த ஓட்டை வழியாத்தான் எடுக்கணும். ஒல்லியா இருக்கறவன் உள்ள பூந்து கூடையில வாரி வாரிக் குடுக்கணும். இந்தாளு ஒல்லி. வேற யாரையும் விடல, அவனே பூந்தான்.

முடிஞ்சுதா? முடியல. அந்தச் சமயம் மேடம் எங்கயோ வெளியூரு போயிருந்தாங்க. திரும்பி வந்து பாத்தாங்க. பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு. மலையில இருக்கறதுக்கு ஓட்டை தெக்கு பாத்து இருக்கு. இந்தாளு கெழக்கு பாத்து வச்சுட்டான். "நான் தெளிவாச் சொல்லிட்டுத்தானே போனேன் திம்மராயன்?"ங்கறாங்க. இவன் என்ன சொல்றான் தெரியுமா? "தெக்கு பாத்து நான் யாருக்கும் வாசல் வச்சதில்லம்மா. வைக்க மாட்டேன்." அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க, "இது வாசல் இல்லய்யா, இது வீடும் இல்ல, செத்தவங்களை வைக்கற எடம்"னு. "செத்தவன் குடியிருந்தாலும் வீடு வீடுதாம்மா"ன்னு சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வந்துட்டான்.

ஓட்டை இருக்கற கல்லை மட்டும் கழட்டி மாட்ட முடியாது சார். ஒண்ணை ஒண்ணு புடிச்சு நிக்குது இல்ல, எல்லாத்தையும் எடுக்கணும். உள்ள மறுபடி மண்ணைத் திணிச்சு, மேல்கல்லை இறக்கி, நாலையும் புடுங்கி, திரும்ப நட்டு, திரும்ப ஏத்தி, திரும்ப வாரி. இவன் வந்து படுதாவுக்குக் கீழ படுத்துட்டான். மூணு நாளோ நாலு நாளோ எழுந்திருக்கல. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு, "அடைக்குது நரசு"ங்கறான். வேலைக்குப் போன்னு சொன்னா அந்தாளுக்கு எப்பவும் எங்கயாவது அடைக்கும். ஒரு நாளு முட்டி, ஒரு நாளு முதுகு. எனக்குத் தெரியாதா? நான்தான் சொன்னேன்: "எழுந்து போய்யா. அந்தம்மா தெக்குன்னா தெக்கு, மேக்குன்னா மேக்கு, உனக்கென்ன? நீயா குடி போகப் போற? இந்த ஒரு வேலையையாவது ஒழுங்கா முடிச்சுக் குடு, அந்தக் கூலியில சுவரு எழுப்பிடலாம்." தப்பா சொன்னேனா? நீங்களே சொல்லுங்க சார். வீட்டுல பொம்பளை அதைத்தானே சொல்லுவா. எல்லாம் அந்தம்மாவால வந்தது. தெக்கே திருப்புன்னு அவங்க சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு எனக்கு இந்த நெலமை வந்திருக்குமா?

போனான். பிரிச்சான். தெக்கு பாத்துக் கட்டினான். மேல்கல்லு ஏத்தினப்ப இந்தத் தடவை யாரும் கத்தல.

அப்புறம் ஓட்டைக்கு வெளியில சாத்தறதுக்கு ஒரு பலகைக் கல்லு வேணும்னாங்க. குடும்பத்துல ஒருத்தர் செத்தா அந்தக் கல்லை எடுத்து, உள்ள வச்சுட்டு, மறுபடி சாத்திடுவாங்களாம். அடுத்தவங்க சாகறப்பதான் திரும்பத் தொறக்கறது. ஒரே அறையில அப்பன், ஆத்தா, புள்ளைன்னு எல்லாரும் இருப்பாங்களாம். ஓட்டை வச்சதே அதுக்குத்தான்னு அந்தம்மா எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னாங்க. எலும்பைப் பொறுக்கிப் பானையில போட்டு, பக்கத்துல சாப்பாட்டுக் கிண்ணம், செத்தவன் பொழங்கின இரும்புச் சாமான் எல்லாம் வைப்பாங்களாம். நான் நல்லாக் கேட்டுக்கிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், படுதாவுக்குப் பின்னாடி என் கல்லைக் காணோம். என் வாசப்படி சார்! கை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்து இங்க சாத்தியிருக்கான். "வேற எந்தக் கல்லும் பொருந்தல நரசு, இதுதான் அளவா உட்காந்துது"ங்கறான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அன்னிக்கு ராத்திரி சோறு ஆக்கல.

மறுநாளு அந்தக் கல்லை நகத்தி வச்சிருந்தாங்க, உள்ள வார வேண்டிய மிச்ச மண்ணு கொஞ்சம்தான் இருந்துச்சு. மத்தியானம் களியும் கீரைக் கடைசலும் தூக்குச்சட்டியில போட்டுக் கொண்டாந்தேன். கோவம் இருந்தாலும் சோறு போடணும் இல்ல. அவன் உள்ள இருந்தான். ஓட்டை வழியா சட்டியை நீட்டினேன். கை வந்துச்சு, வாங்கிக்கிச்சு. "வெளிய ஒரே வெயிலு, உள்ள குளுகுளுன்னு இருக்கு நரசு. வந்து பாரேன்"ன்னான். "நீயே இரு, எனக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டு அந்த வேப்ப மரத்தடியில போய் உட்காந்துட்டேன்.

உட்காந்தேனா, பொறுக்கல. எழுந்து வந்தேன். ஓட்டைக்கு வெளியில, இதோ இதே எடத்துல குந்திக்கிட்டு ஆரம்பிச்சேன். அஸ்திவாரத்துல இருந்து ஆரம்பிச்சேன் சார். வேலிக்காத்தானு, படுதா, மழைத்தண்ணி, என் பொண்ணு கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டாரை உட்கார வைக்க எடம் இல்லாம மாரியம்மன் கோயில் மண்டபத்துல நான் நின்னது, என் வாசப்படி. ஒண்ணையும் விடல. மண்ணு சுமக்கற பொம்பளைங்க நின்னு சிரிக்கறாங்க. உள்ள இருந்து ஒரு பதிலும் இல்ல. பதில் பேசாததுதான் அந்தாளோட வழக்கம், அதனால நான் இன்னும் சத்தமா திட்டினேன். "செத்தா தொலைஞ்ச, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசேன்யா"ன்னு கேட்டேன்.

அப்புறம் எங்க பங்காளி அனுமந்தன் கூடையை எடுக்க உள்ள பூந்தான். பூந்தவன் கத்தினான்.

சட்டி மூடி தொறக்கவே இல்ல. மடியில வச்சபடி சுவத்துல சாஞ்சிருந்தான். எப்பவோ போயிடுச்சுன்னாங்க ஆஸ்பத்திரியில. எப்பன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. படிச்ச டாக்டருதானே, சொல்ல வேண்டாமா? எனக்கு அது தெரியணும் சார். நான் திட்டினதுல எது வரைக்கும் அவன் காதுல விழுந்துச்சு, எதுல இருந்து விழலன்னு தெரியணும். அத்தனை வருசம் சேத்து வச்சு அன்னிக்குத்தான் முழுசாத் திட்டினேன். நடுவுல எழுந்து போயிட்டான்.

எங்க ஆளுங்க புதைக்கறவங்க, எரிக்க மாட்டோம். ஆனா எங்க சுடுகாட்டு மேலதான் இப்ப நாலு வழி ரோடு போகுது, லாரி போகுது. மாத்து எடம் தரேன்னாங்க, தரல. அதனால டவுன் சுடுகாட்டுல கேஸு அடுப்புல வச்சு எரிச்சு, ஒரு மண்சட்டியில சாம்பலும் எலும்பும் போட்டுக் கையில குடுத்தாங்க. ஆத்துல கரைச்சுடுன்னாங்க. எந்த ஆத்துல? தண்ணி ஓடுதா ஆத்துல? மேடம் வந்து என் பக்கத்துல உட்காந்து அழுதாங்க. அதுவும் எனக்குப் புடிக்கல. நான் அழாம உட்காந்திருக்கேன், அவங்க எதுக்கு அழணும்?

ஒரு கோழி போட்டிருந்தா போதும். அந்தக் குழி கோழியை வாங்கிட்டுச் சும்மா இருந்திருக்கும்.

அப்பதான் நெனச்சேன். கட்டினவனுக்கு ஒரு பிடி எடம் இல்ல, இங்க இவ்ளோ பெரிய வீடு காலியாக் கெடக்கு. ஒரு நாளு வாட்ச்மேன் டீ குடிக்கப் போனப்ப அனுமந்தனைக் கூட்டிட்டு வந்தேன். கல்லை அவன் நகத்தினான். உள்ள நான் போனேன். முட்டி போட்டுத் தவழ்ந்துதான் போனேன், இந்த வயசுல. சாம்பல் சட்டியை மூலையில வச்சேன். அவன் உளியும் சுத்தியலும் பக்கத்துல. தூக்குச்சட்டியில களி. எல்லாம் மேடம் சொன்ன மொறைதான், ஒண்ணும் நானாச் செய்யல. கொஞ்ச நேரம் அப்படியே உட்காந்திருந்தேன். குளுகுளுன்னுதான் இருந்துச்சு சார். அந்தாளு பொய் சொல்லல. அதுலதான் எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்குது. இவ்ளோ நல்லாக் கட்டத் தெரிஞ்சிருக்குது பாருங்க! ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. கல்லும் கல்லும் சேர்ற எடத்துல கத்தி நுழையாது. எனக்கு மட்டும் படுதா.

வெளிய வந்து என் வாசப்படியைச் சாத்தினோம். எங்க சுவருக்குன்னு அந்தக் கூலியில வாங்கின சிமெண்டு ஒரு சட்டி கொண்டாந்திருந்தேன், சுத்தியும் பூசிட்டேன். சிமெண்டு கூடாதுன்னு அந்தம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அதுக்காகவே பூசினேன். போன மாசம் அவங்க வந்து பாத்தாங்க. சிமெண்டைத் தடவிப் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க, ஒண்ணும் கேக்காம போயிட்டாங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குடுத்து வைக்கல.

என்ன சார், டிரைவரு கடப்பாரையை ஜீப்புக்குள்ள போட்டுட்டாரு? நீங்க சொல்லவே இல்லயே.

போட்டா போடட்டும். நீங்க மேலிடத்துக்கு எழுதிக்கங்க, எனக்கொண்ணும் பயமில்ல. இந்தக் கட்டடம், பூங்கா, எல்லாம் உங்களுது. இந்தக் கல்லு மட்டும் என்னுது. அதைத் தொறக்கறதுக்கும் ஒரு மொறை இருக்கு, உங்க மேடம் சொன்ன மொறைதான்: வீட்டுல இன்னொருத்தர் செத்தாதான் தொறக்கணும். அனுமந்தன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். உள்ள சட்டியை நடுவுல வைக்கல சார், ஒரு ஓரமாத்தான் வச்சிருக்கேன். அந்த மனுஷன் ஆயுசுல வீடுன்னு கட்டி முடிச்சது இது ஒண்ணுதான், தெக்கு பாத்து இருந்தா என்ன, நான் குடி போகாம விட்டுடுவேனா?

அது வரைக்கும் தெனம் வருவேன். மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன், இப்பதான் படுதாகிட்ட வந்திருக்கேன். வாசப்படிக்கு இன்னும் எவ்ளோவோ இருக்கு. வெளிய இருந்து முடியாதது மிச்சம் இருந்தா உள்ள போய்த் திட்டிக்கறேன். நீங்க கெளம்புங்க சார், வெயிலு ஏறுது.

யோவ், கேக்குதா? ஆளுங்க போயிட்டாங்க. நேத்து எங்க விட்டேன்?